மேல்பட்டை வராத நாட்கள்

ஆய்வகத்தில் சேர்ந்த முதல் ஆண்டு எனக்குக் கொடுத்த வேலை, கேட்பதற்கு எளிமையானது. மனிதச் செல்களை இரண்டு தட்டுகளில் வளர்த்து, ஒன்றில் மட்டும் ஃபிளேவோபிரிடால் என்ற மருந்தைச் சேர்க்க வேண்டும். பிறகு இரண்டிலிருந்தும் புரதத்தை எடுத்து, மரபணுவை ஆர்என்ஏவாகப் படியெடுக்கும் 'ஆர்என்ஏ பாலிமரேஸ் II' என்ற நொதியின் பெரிய துணையலகு, புரதங்களை ஓடவிட்டுப் பிரிக்கும் ஜெல்லில் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மருந்து படாத செல்லில் மேலும் கீழுமாக இரண்டு பட்டைகள் தெரியும். மருந்து பட்டதில் மேல்பட்டை மங்கிவிடும். எனக்கோ மூன்று மாதமாக இரண்டிலுமே மேல்பட்டை வரவில்லை.

இரண்டு பட்டைகளுக்கும் காரணம் அந்தத் துணையலகின் வால். டைரோசின், செரின், புரோலின், திரியோனின், செரின், புரோலின், செரின் என்ற ஏழு அமினோ அமிலங்கள், சிற்சில மாறுதல்களோடு 52 முறை திரும்பத் திரும்ப வருகின்றன. ஈஸ்ட்டுக்கு 26 போதும். ரோஜர் கோர்ன்பெர்க் குழு 2001இல் இந்த நொதியின் வடிவத்தை அணு அணுவாகக் காட்டியபோதுகூட வால் படத்தில் இல்லை. ஓரிடத்தில் நிற்காமல் துவண்டுகொண்டே இருப்பதை எப்படிப் படம் பிடிப்பது? கோர்ன்பெர்க்குக்கு 2006இல் நோபல் கிடைத்தது. வால் அப்போதும் மறைவாகத்தான் இருந்தது.

ஆனால் மரபணுவைப் படியெடுக்கும் வேலையில் எந்தக் கட்டத்தில் யார் வர வேண்டும் என்பதை அந்த வால்தான் தீர்மானிக்கிறது. தொடங்கும் இடத்தில் சிடிகே7 என்ற நொதி, ஏழில் ஐந்தாவதாக உள்ள செரினில் பாஸ்பேட் என்ற சிறு வேதிக்குறியை ஒட்டுகிறது. அதைப் பார்த்துத்தான், புதிதாகப் பிறக்கும் ஆர்என்ஏவின் தலைக்குத் தொப்பி போடும் நொதிகள் வந்து சேர்கின்றன. முப்பது, ஐம்பது எழுத்து போனதும் பல மரபணுக்களில் பாலிமரேஸ் நின்றுவிடுகிறது.

இந்த இடத்தை யாருக்காவது விளக்க வேண்டுமென்றால் எனக்குத் தேரோட்டம்தான் நினைவுக்கு வரும். நகர்ந்த தேரின் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போட்டு நிறுத்துவார்களே, அதுபோல நெல்ஃப், டிசிஃப் என்ற இரண்டு புரதத் தொகுதிகள் பாலிமரேஸைப் பிடித்து நிறுத்துகின்றன. சிடிகே9 என்ற இன்னொரு நொதி வந்து இரண்டின்மீதும் பாஸ்பேட்டை ஒட்டினால் நெல்ஃப் கழன்றுவிடும். டிசிஃப் கழலாது, அதுவரை தடுத்தது அதன்பின் வடம் பிடிக்கத் தொடங்கிவிடும். வாலின் இரண்டாவது செரினிலும் பாஸ்பேட் ஏறுகிறது, தேர் நீண்ட வீதிக்குள் நுழைகிறது. ஃபிளேவோபிரிடால் தடுப்பது இந்த சிடிகே9ஐத்தான். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பட்டையில் உள்ள ரோஹிடுகின் என்ற பொருள்தான் இந்த மருந்துக்கு மூலம் என்று தெரிந்தபோது, குப்பியை ஒருமுறை திருப்பிப் பார்த்தேன்.

பாஸ்பேட் ஏறிய பாலிமரேஸ் ஜெல்லில் மெதுவாக நகரும், அதுதான் மேல்பட்டை. எனக்கு அது வராததால், பாலிமரேஸை அடையாளம் காட்டும் ஆன்டிபாடியை முதலில் சந்தேகித்தேன். பிறகு பால் பவுடரை. ஜெல்லிலிருந்து புரதத்தை ஒரு சவ்வுக்கு மாற்றி, ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாதபடி அதன் வெற்றிடங்களை மூடப் பால் கரைசலில் ஊறவைப்போம். பாலில் உள்ள கேசினே பாஸ்பேட் ஏறிய புரதம் என்பதால் குழப்பம் வருமோ என்று ஆல்புமினுக்கு மாறினேன். பட்டை அசையவில்லை. செல்களையும் புதிதாக வாங்கினோம். வாராந்தரக் கூட்டத்தில் என் முறை வரும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கும்.

இத்தனைக்கும் சோம்பலாக வேலை செய்யவில்லை. செல்லை உடைக்கும் கரைசலுக்கு, எனக்கு முன் அந்த மேசையில் இருந்தவர் எழுதிவைத்த செய்முறையை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினேன். அதில் சோடியம் ஆர்த்தோவனடேட் இருந்தது. பிஎச் பத்துக்குக் கொண்டுவந்தால் கரைசல் மஞ்சளாகும். கொதிக்கவைத்தால் நிறம் போகும். ஆறியதும் பிஎச்சைச் சரிசெய்தால் மறுபடியும் மஞ்சள். நிறம் திரும்பாத வரை இதையே செய்ய வேண்டும். ஒரு மதியம் முழுக்க அடுப்படி வேலைபோல அதைச் செய்துகொண்டிருந்தபோது, இருபது ஆண்டுகளாக அங்கே தொழில்நுட்ப உதவியாளராக இருந்த அக்கா எட்டிப் பார்த்தார்.

"தம்பி, உங்கள் பாஸ்பேட் எதன்மேல் இருக்கிறது?"

"செரின்மேல், அக்கா."

"இது டைரோசினுக்கு அல்லவா?"

எனக்கு முன் இருந்தவர் ஆராய்ந்தது டைரோசினில் பாஸ்பேட் ஏறும் புரதங்களை. டைரோசினிலிருந்து பாஸ்பேட்டைப் பிடுங்கும் நொதிகளை வனடேட் நன்றாக அடக்கும். செரினிலிருந்து பிடுங்கும் பெரும்பாலானவற்றுக்கு சோடியம் ஃபுளோரைடும் பீட்டா கிளிசரோபாஸ்பேட்டும் வேண்டும். அவருக்குத் தேவைப்படாததால் செய்முறையில் அவை இல்லை. நான் செல்லை உடைத்த நொடியிலிருந்து, பாஸ்பேட்டைப் பிடுங்கும் நொதிகளான பாஸ்பட்டேஸ்கள் என் குழாய்க்குள் நிம்மதியாக வேலை பார்த்திருக்கின்றன. புரதத்தைச் சிதைக்கும் நொதிகளுக்கு மருந்து போட்டிருந்ததால் பாலிமரேஸ் முழுசாக இருந்தது, அதன் பாஸ்பேட் குறிகள்தான் போய்விட்டன. கீழ்ப்பட்டை அவ்வளவு அழகாக இருந்ததற்குக் காரணமும் அதுவே.

"இன்றைக்கு எதையும் கலக்க வேண்டாம். தட்டிலிருந்தே நேராகக் கொதிக்கிற எஸ்டிஎஸ் சோப்புக் கரைசலில் போடுங்கள். எல்லா நொதியும் அப்போதே செத்துவிடும்" என்றார் அக்கா.

மறுநாள் இரவு இருட்டறையில் ஃபிலிமைக் கழுவித் தூக்கினேன். சிவப்பு விளக்கில் முதல் வரிசையில் இரண்டு பட்டைகள், மேலே இருந்தது தடிப்பாக. மருந்து பட்ட வரிசையில் அது மெலிந்திருந்தது. ஈரம் சொட்டச் சொட்ட அதைப் பிடித்துக்கொண்டு அக்காவைத் தேடினேன். அவர் மாலை பஸ்ஸுக்கே போய்விட்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் பாஸ்பட்டேஸ்களைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன். மரபணுவின் கடைசிவரை ஓடிமுடித்த பாலிமரேஸ், குறிகளைக் கழற்றினால்தான் இன்னொரு மரபணுவின் வாசலில் போய் உட்கார முடியும். எஸ்எஸ்யு72, எஃப்சிபி1 போன்ற பாஸ்பட்டேஸ்கள் அதைக் கழற்றிவிடுகின்றன. மூன்று மாதம் நான் எதைக் குழாய்க்குள் அடக்கத் தவறினேனோ, செல்லுக்குள் அது இல்லாமல் ஒரு சுற்றுக்கூட முடியாது. அடுத்த இரண்டு ஆண்டுகள் நான் வேலை செய்தது அந்த நொதிகளில்தான்.