பாண் பையில் ஒரு வட்டம்

நான் வேலை செய்யும் பார்னஹாகேயில் மத்தியானச் சாப்பாடு பதினொரு மணிக்கே வந்துவிடும். பார்னஹாகே என்றால் நம் பாலர் பள்ளி மாதிரி, ஒரு வயதுப் பிள்ளையிலிருந்து ஐந்து வயது வரை. 2015 இல் ஒஸ்லோவுக்குக் கணவரிடம் வந்து சேர்ந்து, மொழி வகுப்பு முடித்து, அங்கே உதவியாளராகப் போன முதல் வாரம், பிள்ளைகள் டப்பாக்களைத் திறந்ததும் எனக்கு அழுகைதான் வந்தது. ஒவ்வொன்றிலும் கறுத்த பாண் (பிரெட்) துண்டு இரண்டு. மேலே இன்னொரு துண்டு வைத்து மூடுவதுகூட இல்லை. ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க இடையில் மெல்லிய கடதாசி. அதற்கென்றே கடையில் தனிக்கட்டு விற்கிறார்கள். பாணின் மேல் பழுப்பு நிறச் சீஸ், இல்லையென்றால் தக்காளிச் சாற்றில் கிடந்த மீன். மீனைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. நம்முடைய டின் மீன்தான். வெங்காயம், பச்சை மிளகாய் ஒன்றும் இல்லாமல் குளிரக் குளிரச் சாப்பிடுகிறார்கள்.

நான் கொண்டுபோனது சோறு. குரோன்லாண்ட் கடையில் வாங்கிய தாய்லாந்து வெள்ளையரிசி, பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல். சாப்பிட்டு ஒரு மணியாகும்போது பிள்ளைகள் தூங்குவார்கள், பக்கத்தில் இருக்கும் எனக்கும் கண் செருகும். குளிரால் என்று நினைத்தேன். பிறகு இருட்டால் என்று நினைத்தேன். வைட்டமின் டி குறைவு என்று மாத்திரையும் வாங்கி விழுங்கினேன். சோற்றை மட்டும் சந்தேகப்படவே இல்லை.

ஒருநாள் என்னைப் பாண் வாங்கிவர அனுப்பினார்கள். இவர்களுக்குக் கறுத்த பாண்தான் பிடிக்கும் என்று நல்ல கறுப்பாகப் பார்த்து வாங்கிவந்தேன். கூட வேலை செய்யும் பெண் பையைத் திருப்பி, அதில் அச்சடித்திருந்த சின்ன வட்டத்தைக் காட்டினாள். நான்கு காலாகப் பிரித்த வட்டம். அதில் ஒரு கால்தான் கறுப்பாக நிரம்பியிருந்தது. மாவில் முழுத்தானியமும் தவிடும் எத்தனை பங்கு என்பதற்கான கணக்கு அது. 25 சதவீதம் வரை என்றால் ஒரு கால், 50 வரை அரை, 75 வரை முக்கால், அதற்கு மேலே போனால் வட்டம் முழுக்க நிரம்பும். மோல்ட், அதாவது முளைக்கவைத்து வறுத்த தானிய மா, கலந்தால் வெள்ளை மாப்பாணும் கறுத்துப்போகும். நான் வாங்கிவந்தது அப்படி நிறம் மாறிய பாண். இங்கே வந்து கடைகளில் பலமுறை ஏமாந்திருக்கிறேன், ஆனால் பாணிடம் ஏமாந்தது அதுதான் முதல்தடவை.

அந்த வட்டத்தை நான் உண்மையில் கவனிக்கத் தொடங்கியது கணவரின் அண்ணனுக்கு 47 வயதில் இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்த பிறகு. ஒல்லியான மனிதர், புகைப்பதில்லை, குடிப்பதில்லை. வீட்டில் எல்லோரும் பயந்துபோய் இரத்தம் சோதிக்க ஓடினோம். எனக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 44 என்று வந்தது. இங்கே மில்லிமோல் கணக்கு. ஊர்க் கணக்கில் சொன்னால் 6.2 சதவீதம். 48 ஐத் தொட்டால் நீரிழிவு. இரத்தக் கொழுப்பில் ட்ரைகிளிசரைடு 2.6 என்று கூடுதல், நல்ல கொழுப்பு 1.0 என்று குறைவு.

குடும்ப மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "எவ்வளவு பாண் சாப்பிடுவீர்கள்?"

"பாணே சாப்பிடுவதில்லை" என்று பெருமையாகச் சொன்னேன். அவருக்கு அடுத்து என்ன கேட்பது என்று தெரியவில்லை. கையில் கொடுத்த துண்டுப்பிரசுரத்திலும் பாணும் உருளைக்கிழங்கும்தான் இருந்தன, புட்டு இல்லை.

நான்தான் கேட்டேன், சீ.ஆர்.பி. எவ்வளவு என்று. உடம்பில் அழற்சி இருந்தால் இரத்தத்தில் கூடும் புரதம் அது. நோர்வேயில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு இந்தச் சொல் தெரியாமல் இருக்காது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போனால் விரலில் குத்தி ஒரு துளி எடுத்து, சில நிமிடத்தில் எண்ணைச் சொல்லிவிடுவார்கள். எண் குறைவாக இருந்தால் பெரும்பாலும் மருந்தில்லாமல் வீட்டுக்குப் போகச் சொல்வார்கள். எனக்கு ஐந்துக்குக் கீழே என்று வந்திருந்தது. அப்பாடா, உடம்பில் அழற்சி இல்லை என்று நினைத்தேன்.

அப்படி இல்லையாம். அந்த விரல் சோதனை தொற்றைப் பிடிக்கும் வலை, ஓட்டை பெரிது. இதயத்தோடு தொடர்புள்ள அழற்சி மிகச் சன்னமானது. லீட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குக் கீழே என்றால் ஆபத்து குறைவு, மூன்றுக்கு மேலே போனால் கூடுதல் என்று பார்க்கிறார்கள். அதை அளக்க நுண்ணிய சோதனை தனியாக இருக்கிறது. காய்ச்சலும் இல்லாமல் வலியும் இல்லாமல், உமி நெருப்பு மாதிரி வருடக்கணக்காக உள்ளே கனன்றுகொண்டிருக்கும் விஷயம் அது.

அதற்கும் சோற்றுக்கும் என்ன சம்பந்தம்? தவிடு நீக்கிய மாச்சத்து வேகமாகச் சர்க்கரையாகி இரத்தத்தில் ஏறும், இன்சுலினும் பின்னாலேயே ஏறும். தேவைக்கு மேலே வந்ததை ஈரல் கொழுப்பாக்கி அனுப்பும். வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் அந்தக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருட்களைச் சுரக்கிறது, அதைக் கேட்டு ஈரல் சீ.ஆர்.பி. செய்கிறது. இரத்தக்குழாய்ச் சுவரில் புகுந்த கெட்ட கொழுப்பைச் சுற்றி நோயெதிர்ப்பு அணுக்கள் கூடி அடைப்பை வளர்ப்பதும் இதே சூழலில்தான். நம் தெற்காசிய உடம்புக்கு, வெளியே ஒல்லியாக இருந்துகொண்டே உள்ளே கொழுப்பைச் சேர்க்கும் பழக்கம் உண்டு. கணவரின் அண்ணன் அப்படித்தான். முழுத்தானியத்தில் உள்ள நார்ச்சத்து இதற்கு எதிர்ப்பக்கத்தில் வேலை செய்கிறது: குடலில் உள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து உண்டாக்கும் சிறு கொழுப்பமிலங்கள் அழற்சியைத் தணிக்கின்றன.

ரொறன்ரோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 1981 இல் கிளைசீமிக் குறியீடு என்ற அளவைக் கொண்டுவந்தார்கள், ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று காட்ட. அதே ஜென்கின்ஸ் 2021 இல், ஐந்து கண்டங்களில் 137,851 பேரைச் சராசரியாக ஒன்பதரை வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வை வெளியிட்டார். குறியீடு மிகக் கூடிய உணவு சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், சாவு ஆகியவற்றின் ஆபத்து, மிகக் குறைந்ததைச் சாப்பிட்டவர்களைவிட அதிகம்: ஏற்கெனவே இதயநோய் உள்ளவர்களில் 51 சதவீதம், இல்லாதவர்களில் 21 சதவீதம். ஆனால் முழுத்தானியம் சாப்பிட்டால் சீ.ஆர்.பி. இறங்கியே தீரும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். சில சோதனைகளில் இறங்கியது, சிலவற்றில் அசையவே இல்லை.

தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னேன். "சோத்தை விட்டுப்போட்டுப் பாணைத் தின்னுறியோ? பாண் காய்ச்சல்காரன்ர சாப்பாடெல்லோ பிள்ளை" என்றார். அம்மம்மா காலத்துக் குரக்கன் (கேழ்வரகு) புட்டை நினைவுபடுத்தினேன். அம்மா சிரித்தார். அம்மம்மாவுக்கு விருப்பம் அமெரிக்கன் மாப் புட்டில்தானாம். அமெரிக்கன் மா என்று ஊரில் சொல்வது வெள்ளைக் கோதுமை மாவை. குரக்கன் காசில்லாத நாட்களின் சாப்பாடு. முன்னோர் எல்லாம் தெரிந்துதான் சாப்பிட்டார்கள் என்று கதை விடுபவர்கள் என் அம்மாவோடு ஒருமுறை பேசிப் பார்க்கலாம்.

சரி, என்ன செய்தேன்? முதலில் இங்கத்தைய முழுக்கோதுமை மாவில் புட்டு அவித்தேன். கொரகொரப்பான மா வாங்கியது பிழை. வாயில் மணல் மாதிரி நின்றது, மகள் துப்பிவிட்டாள். நல்ல அரைப்பு மாவை வறுத்துக் குழைத்ததும் சரிவந்தது. அடுத்து சிவப்பரிசி மா இடியப்பம். நிறத்தைப் பார்த்து ஆறு ஏழு தட்டு சாப்பிட்டேன், ஒரு மணிக்கு அதே தூக்கம். அப்போதுதான் புரிந்தது: தவிடு இருந்தால் மட்டும் போதாது, மணி உடையாமல் இருக்கவேண்டும். மாவாக அரைத்துவிட்டால் சிவப்பும் வேகமாகத்தான் சமிக்கும். பாணுக்காரனிடம் நிறம் பார்த்து ஏமாந்தவள் இடியப்பத்திடமும் ஏமாந்தேன்.

கடைசியில் நிலைத்தது பார்லி. இங்கே அரிசி மாதிரியே பெட்டியில் விற்கிறார்கள். பாதிக்குப் பாதி சிவப்பரிசியோடு சேர்த்து அவித்தால், பருப்புக் குழம்போடு குழந்தைகள்கூடக் கேள்வி கேட்காமல் சாப்பிடுவார்கள். பார்லியிலும் ஓட்ஸிலும் இருக்கும் பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்து நாளுக்கு மூன்று கிராம் போனால் கெட்ட கொழுப்பு இறங்கும், இதில் சந்தேகமில்லை. நாளுக்கு 90 கிராமாவது முழுத்தானியம் வேண்டும் என்று 2023 இல் வந்த நோர்டிக் நாடுகளின் பரிந்துரை சொல்கிறது. வேலைக்கு மட்டும் வட்டம் நிரம்பிய பாண், கடதாசி சகிதம். அம்மருட் முருகன் கோயிலில் அன்னதானம் என்றால் வெள்ளைச் சோறுதான், அங்கே நான் வட்டம் தேடுவதில்லை.

ஆறு மாதம் கழித்துப் போனேன். சர்க்கரை 41, ட்ரைகிளிசரைடு 1.8. நல்ல கொழுப்பு நின்ற இடத்திலேயே நின்றது. சீ.ஆர்.பி. மறுபடியும் ஐந்துக்குக் கீழே, அந்த வலைக்கு அதற்கு மேல் தெரியாது.

"இப்போது பாண் சாப்பிடுகிறீர்களா?" என்றார் மருத்துவர்.

"இரண்டு துண்டு."

"மேலே என்ன?"

டின் மீன் என்றேன். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளி விட்டுப் பிசைந்தது என்று விளக்கமாகச் சொன்னேன். அவர் 'மீன்' என்று மட்டும் எழுதிக்கொண்டார்.