கொக்கியில் மாட்டிய துண்டு

போன மாதம் தங்கிய ஓட்டலில், குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே ஒரு பச்சை அட்டை. துண்டைக் கொக்கியில் மாட்டினால் மாற்ற மாட்டோம், தண்ணீர் மிச்சமாகும் என்று இலைப் படம் போட்டு எழுதியிருந்தது. மாட்டிவிட்டுத்தான் வெளியே போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் அதே கொக்கியில் மொடமொடவென்று புதுத் துண்டு. பாதி மீந்திருந்த குட்டி ஷாம்பூ பாட்டிலும் போய், புதிதாக இரண்டு. மனசே ஆறவில்லை.

சுற்றுச்சூழலைக் காப்பதாக வெறும் வேஷம் போடுவதைச் சொல்லும் ‘கிரீன்வாஷிங்’ என்ற சொல் பிறந்ததே இந்தத் துண்டு அட்டையால்தான். 1986-இல் ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் இதைப் பற்றி எழுதியபோது உருவாக்கினார். சுமார் நாற்பது வருஷம் ஆகிறது!

உண்மையாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். சுவரில் பொருத்திய, திரும்ப நிரப்பும் சோப்பு டப்பா, சாவி அட்டையை உருவியதும் அணையும் ஏசி, துவைத்த தண்ணீரைச் சுத்திகரித்துத் தோட்டத்துக்கு விடும் குழாய் எல்லாம் கண்ணால் பார்க்கக்கூடியவை. சான்றிதழ் என்றால் யார் கொடுத்தது என்று பாருங்கள். 1994-இல் டென்மார்க்கில் தொடங்கிய ‘கிரீன் கீ’ போன்றவை நேரில் வந்து தணிக்கை செய்துதான் தருகின்றன.

போய்ச் சேரும் வழியும் முக்கியம். ரயிலில் போக முடிகிற தூரத்துக்கு நான் விமானம் ஏறுவதில்லை.

அடுத்த பயணத்துக்குப் போன் போட்டு விசாரித்தேன். ஓர் இடத்தில் வரவேற்பில் இருந்த அம்மா, துவைக்கிற தண்ணீர் எங்கே போகிறது என்று ஐந்து நிமிஷம் பொறுமையாக விளக்கினார். அங்கேயே அறை போட்டுவிட்டேன்.