ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய ஆறு நாட்கள்

ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் எல்லோரும் முதலில் விசாரிப்பது குளிரைத்தான். குளிருக்கு ஜாக்கெட் இருக்கிறது, வீட்டில் ஹீட்டர் இருக்கிறது. பெர்லினுக்கு வந்து எனக்குப் பழகுவதற்குச் சிரமமாக இருந்தது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு ஊரே ஷட்டரை இறக்கிவிடும். சூப்பர் மார்க்கெட், துணிக்கடை, செருப்புக்கடை என்று எதுவும் கிடையாது. பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் போன்ற சிலவற்றில் மட்டும் வியாபாரம் நடக்கும். அங்கே ஒரு பாக்கெட் பால் வாங்க நிற்கும் வரிசையைப் பார்த்தால் திரும்பி வந்துவிடலாம் என்றுதான் தோன்றும்.

இத்தனைக்கும் திங்கள் முதல் சனி வரை இரவு பகலாகக் கடையைத் திறந்து வைத்துக்கொள்ளலாம் என்று பெர்லின் 2006இலேயே சட்டம் போட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் இஷ்டத்துக்குக் கை வைக்க முடியாது. அது ஓய்வுநாள் என்று ஜெர்மனியின் 1919ஆம் ஆண்டு வைமார் அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. 1949இல் எழுதிய இன்றைய அரசியல் சட்டம் அதை அப்படியே சேர்த்துக்கொண்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறும் கடைகளைத் திறக்கலாம் என்று பெர்லின் அரசு விதி கொண்டுவந்தபோது தேவாலயங்கள் வழக்குப் போட்டன. 2009 டிசம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்று சொல்லிவிட்டது.

நான் வளர்ந்தது கோயம்புத்தூர். அங்கே ஞாயிறு என்றால் காலையில் கறிக்கடை, சாயங்காலம் கிராஸ்கட் ரோடு கடைவீதி. இங்கே சனிக்கிழமை இரவுக்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். அதனால் என் வாரம் முழுவதும் ஞாயிறைக் கணக்கில் வைத்துத்தான் நகர்கிறது.

திங்கட்கிழமை காலை நொய்கோல்ன் பகுதியில் ஹெர்மன்ஷ்ட்ராஸெ நிலையத்தில் யூ8 சுரங்க ரயில் ஏறுவேன். டிக்கெட்டைத் தட்டி உள்ளே போகிற கேட் எதுவும் இங்கே இல்லை. நேராகப் போய் வண்டியில் ஏற வேண்டியதுதான். சாதாரண உடையில் வரும் பரிசோதகரிடம் டிக்கெட் இல்லாமல் மாட்டினால் 60 யூரோ அபராதம். சுவர் இருந்த காலத்தில் இந்த லைன் மேற்கு பெர்லினில் கிளம்பி, கிழக்கு பெர்லினுக்கு அடியில் ஓடி, மறுபடியும் மேற்கில் போய்ச் சேருமாம். நடுவில் உள்ள நிலையங்களில் வண்டி நிற்காது. அரையிருட்டில் காவலர்கள் மட்டும் நிற்பார்கள். அப்படிப் பூட்டிக் கிடந்தவற்றில் முதலில் திறந்தது யானோவிட்ஸ்ப்ரூக்கெ நிலையம், 1989 நவம்பர் 11இல். சுவர் திறந்து இரண்டே நாளில். நான் தினமும் இறங்குவது அங்கேதான். இப்போது அங்கே காபி வாசனையும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு லிஃப்டுக்குக் காத்திருக்கிறவர்களும்தான்.

ஒன்பதரைக்கு ஸ்டாண்ட்-அப் என்கிற தினசரிக் குழுக் கூட்டம். எனக்கு டேட்டா பைப்லைன் வேலை. அதை விவரித்தால் படிக்கிறவர்கள் ஓடிவிடுவீர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் தொடங்குவதற்குள் பதினொரு மணி நேரம் இடைவெளி இருக்க வேண்டும் என்று இங்கே சட்டம். ராத்திரி பத்து மணிக்கு ஒரு மெசேஜ் அனுப்பினால் மறுநாள் மேனேஜர், "உடம்பு சரியில்லையா?" என்கிற தோரணையில் விசாரிப்பார். பெங்களூரில் வேலை பார்த்தபோது ராத்திரி பத்து மணி கால் என்பது அன்றாடம். இந்த ஒரு விஷயத்தில் ஜெர்மன்காரர்கள் சொல்வதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது, யார் என்ன சொன்னாலும்.

மதியம் பன்னிரண்டு அடித்ததும் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். எனக்கு அது அம்மாவின் நேரம். குளிர்காலத்தில் ஊருக்கும் இங்கேயும் நாலரை மணி நேர வித்தியாசம். நான் சாப்பிட உட்காரும்போது அம்மா டீ போட்டுக்கொண்டிருப்பாள். வீட்டுக்குப் போய்ப் பேசலாம் என்று விட்டால் அங்கே தூங்கிவிடுவார்கள்.

அலுவலகத்தில் எல்லோரும் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். வெளியே வந்தால் நான் திருமதி சண்முகசுந்தரம். இனிஷியலை விரித்து பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டதன் பலன். டாக்டர் வரவேற்பறை, வங்கி, நகர அலுவலகம் எல்லா இடத்திலும் அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள். அதுவும் முழுப் பெயரையும் ஒரே மூச்சில் சொல்ல முடியாமல் பாதியில் நிறுத்தி, மன்னிப்புக் கேட்டு, மறுபடியும் தொடங்குவார்கள். அடுக்குமாடி வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. அழைப்பு மணியிலும் தபால்பெட்டியிலும் இருக்கும் குடும்பப் பெயரை வைத்துத்தான் தபால் வரும். இந்த நாட்டில் முக்கியமான எதுவும் இன்னும் கடிதமாகத்தான் வருகிறது என்பதால் பெயர்ப்பலகை இல்லாமல் காலம் தள்ள முடியாது. சிறிய பலகையில் இடம் பற்றாமல் எழுத்துகளை நெருக்கிப் போட்டு ஒட்டியிருக்கிறேன். போட்டோ எடுத்து அனுப்பினேன். கோவையில் சொந்த வீட்டு வாசலில்கூடப் பெயர் போட்டுக்கொள்ளாத அப்பா, அதைத் தெரு முழுக்கக் காட்டியிருக்கிறார்.

செவ்வாயும் புதனும் மாலை ஜெர்மன் வகுப்பு, மாவட்டத்து மக்கள் கல்லூரியில். சிரியா, உக்ரைன், பிரேசில் என்று கலவையான கூட்டம். இலக்கணத்தில் தலை சுற்றும்போதெல்லாம் விசா கணக்கை நினைத்துக்கொள்வேன். ப்ளூ கார்டு என்கிற வேலை விசாவில் வந்தவர்களுக்கு ஜெர்மனில் பி1 நிலைத் தேர்ச்சி இருந்தால் 21 மாதத்தில் நிரந்தர வதிவுரிமை கேட்கலாம், ஏ1 மட்டும் என்றால் 27 மாதம் ஆகும். ஆறு மாதத்துக்காகவாவது வினைச்சொல்லைக் கடைசியில் வைக்கப் பழக வேண்டியதுதான். தமிழில் வைக்காததா?

வியாழக்கிழமையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. துணி துவைப்பேன்.

வெள்ளிக்கிழமை அலுவலகத்திலிருந்து நேரே இலங்கைத் தமிழர் ஒருவரின் கடைக்கு. நவம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுவதால், ஆறு மணிக்குப் போனாலும் நடுராத்திரிக்குப் போவது மாதிரிதான் இருக்கும். வெள்ளிதான் காய்கறி வருகிற நாள். முருங்கைக்காய், பாகற்காய், கத்தரிக்காய் எல்லாம் பெட்டி பிரிக்காமல் வாசலிலேயே கிடக்கும். கறிவேப்பிலை வந்தால் உண்டு. கடைக்கார அண்ணன் என்னைப் பார்த்ததும், "தங்கச்சி, கறிவேப்பிலை உள்ளுக்க ஒண்டு எடுத்து வைச்சிருக்கிறன்" என்பார். "ரொம்ப தேங்க்ஸுங்கண்ணா" என்று வாங்கிக்கொள்வேன். இட்லி அரிசியும் உளுந்தும் அங்கேதான்.

சனிக்கிழமையின் நாயகன் என் கிரைண்டர். ஊரிலிருந்து கல்லோடு கொண்டுவந்த டேபிள் டாப். விமானத்தில் அனுமதித்த எடையில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிட்டது. துணியைக் குறைத்துக்கொண்டேன், வருத்தமில்லை. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்த 2022ஆம் ஆண்டு செய்தியை இங்கே யாரிடமாவது பெருமையாகச் சொல்லலாம் என்றால், முதலில் கிரைண்டர் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. நான் இருப்பது மரத்தளம் போட்ட பழைய கட்டடம். கல் சுற்ற ஆரம்பித்தால் கீழ் வீடு வரை கேட்கும். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை சத்தம் கூடாது, ஞாயிறு முழு நாளும் கூடாது. மிக்சி, டிரில்லிங் மெஷின் என்று எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். ஆகவே சனி மதியம் ஊறப்போட்டு, ஆறு மணிக்கு ஆட்டிவிடுவேன். கிரைண்டருக்கு அடியில் யோகா பாயை நாலாக மடித்துப் போட்டிருக்கிறேன். கீழ் வீட்டு அம்மா ஒரு நாள் மாடிப்படியில் நிறுத்தி, சனிக்கிழமை மாலையானால் சிமெண்ட் கலக்குகிறாயா என்று கேட்டார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார். மேலே அழைத்து வந்து காட்டினேன். மாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆறு மணி பரவாயில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஆட்டிய மாவு இந்தக் குளிரில் வெளியே வைத்தால் பொங்காது. ஓவனைச் சூடு செய்யாமல் உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டு, பாத்திரத்தை அதற்குள் வைத்துவிட வேண்டும். அந்தச் சின்ன பல்பின் சூடே போதும், காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். அப்புறம் வாரம் முழுக்கச் சேர்ந்த பாட்டில்களைப் பையில் அள்ளிக்கொண்டு சூப்பர் மார்க்கெட். தகர டப்பாவுக்கும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் 25 செண்ட், பீர் பாட்டிலுக்கு 8 செண்ட் மெஷின் திருப்பித் தரும். சனி இரவு அந்த மெஷினுக்கு முன்னால் நிற்கும் வரிசையில்தான் என் தெருவில் இருக்கும் பாதிப் பேரைப் பார்த்திருக்கிறேன்.

ஒருவழியாக ஞாயிறு வந்துவிடும். இட்லி சாப்பிட்டுவிட்டு டெம்பல்ஹோஃப் மைதானத்துக்கு நடப்பேன். 2008 வரை விமான நிலையமாக இருந்த இடம். 2014இல் மக்கள் வாக்களித்து, அங்கே கட்டடம் கட்டவே கூடாது என்று தடுத்துவிட்டார்கள். ஓடுபாதையின் நடுக்கோட்டில் குழந்தைகள் சைக்கிள் ஓட்டும். கடை இல்லாத ஊரில் ஜனங்கள் எங்கே போவார்கள் என்ற கேள்விக்கு இங்கே பதில் கிடைக்கும்.

போன ஞாயிறு அங்கிருந்து ஹெர்மன்பிளாட்ஸ் போய் யூ7 பிடித்து, பிளாஷ்கோ அலே பக்கம் இருக்கும் மயூரபதி முருகன் கோயிலுக்குப் போனேன். ஈழத்தமிழர்கள் கட்டிய கோயில். பூசை முடிந்து சோறு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோது பக்கத்தில் இருந்த பெரியவர் பேச்சுக் கொடுத்தார்.

"பிள்ளை இந்தியாவோ? எப்பிடி வந்தனீங்கள்?"

"சென்னையிலிருந்து துபாய் வழியா பிளைட்டுங்க ஐயா. நீங்க?"

"நாங்கள் மொஸ்கோ வழி."

அவர் வந்தது 1985ஆம் ஆண்டின் தொடக்கத்தில். கொழும்பிலிருந்து சோவியத் விமானத்தில் மாஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையம். கிழக்கு ஜெர்மனி டிரான்சிட் விசா கொடுக்கும். பிரீட்ரிஷ்ஷ்ட்ராஸெ நிலையத்தில் எஸ்-பான் நகர ரயில் ஏறினால் அடுத்த சில நிமிடத்தில் மேற்கு. ஊரைப் பிரித்த அந்தச் சுவரை நாட்டு எல்லையாக மேற்கு ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் அந்தப் பக்கம் வந்து இறங்குகிறவர்களிடம் பாஸ்போர்ட் கேட்கும் வழக்கமும் இல்லை. 83 கலவரத்துக்குப் பின் ஆயிரக்கணக்கான தமிழர்கள் வந்த வழி அது. அதே 1985இல் கிழக்கு ஜெர்மனி இலங்கையருக்கு அதை அடைத்தது. இவர் அதற்குள் வந்துவிட்டார். டிக்கெட் எப்படி எடுப்பது என்றுகூடத் தெரியாமல் ரயிலில் ஏறியதாகச் சொன்னார்.

நான் என் வழக்கமான புலம்பலை எடுத்தேன், ஞாயிற்றுக்கிழமை எதுவுமே இல்லை என்று. அவர் ரசத்தைக் குடித்து முடித்தார்.

"எங்களுக்கு வேலை செய்ய விடேல்லை, பிள்ளை. அகதி கேஸ் முடியுமட்டும் சும்மா இருக்கோணும். எல்லா நாளும் ஞாயிறுதான் அப்ப."

பிரீட்ரிஷ்ஷ்ட்ராஸெ நிலையத்துக்குப் பக்கத்தில் எல்லை கடந்தவர்களைப் பற்றி அருங்காட்சியகம் இருக்கிறது, இலவசம்தான், வருகிறீர்களா என்று கேட்டேன்.

"நான் அந்த ஸ்டேசனை ஒருக்கா கண்டதே போதும். நீங்கள் போய்ப் பாருங்கோ. அது கிடக்கட்டும், கிரைண்டர் வைச்சிருக்கிறன் எண்டீங்களெல்லோ? தோசைக்கு அரைக்கேக்க வெந்தயம் கொஞ்சம் கூடப் போடுங்கோ. வாற கிழமை மாவு கொண்டு வந்தால் மனிசிக்குக் குடுப்பன்."