பத்து மணிக்கு இரண்டு மாரி பிஸ்கட்

ஆறு கிழமையாக நான் சரியாக ஓட்டோ ஓடவில்லை. காலமை ஏழேகாலுக்கு மகளை இறக்கிவிட்டுப் பள்ளிக்கூட மதிலோரம் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினால், ஒன்றரைக்கு மணியடிக்கும் வரை அங்கேதான். ஸ்டாண்டில் நிற்கிற பெடியள், "அண்ணை, வோச்சர் வேலை கிடைச்சிட்டுதோ?" என்று பகிடி பண்ணினார்கள்.

மகளுக்கு அப்போது ஒன்பது வயது, தரம் 4. முதலாம் வகை நீரிழிவு. அதற்கு முந்தின மாதம் முழுக்கத் தண்ணீர் தண்ணீர் என்று குடித்தாள், இரவில் படுக்கை நனைந்தது, யூனிபோம் தொளதொளத்தது. திருகோணமலையில் கச்சான் காற்று வீசுகிற காலம். வெக்கைக்கு வருகிற விடாய் என்றுதான் நாங்கள் நினைத்தோம். வயிற்றுக்குத்தும் சத்தியும் வந்து, மூச்சு இழுத்து இழுத்து வாங்கத் தொடங்கிய பிறகே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தோடம்பழத்தில் இன்சுலின் ஊசி குத்திப் பழகி வீடு வந்து சேர்ந்தால், பார்க்க வந்த சனம் கேட்ட முதல் கேள்வி, "டொபி கனக்கக் குடுத்தியளோ?" டொபியால் வருகிற வருத்தம் இல்லை இது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கிற கலங்களை அழித்துவிடுகிறது. இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

பள்ளிக்கூடத்தில் அதிபர் மரியாதையாகத்தான் பேசினார். "தம்பி, ஊசி மருந்துப் பொறுப்பை நாங்கள் எடுக்கேலாது. தாய் தகப்பன் ஆராவது பக்கத்தில நிக்கிறதெண்டால் பிள்ளை வரட்டும்." அப்படித்தான் வேப்பமரத்தடி வாழ்க்கை தொடங்கியது. ஹயர் போய்விட்டது, லீசிங் காசு பிந்தியது. அப்போது அவர்மேல் கோபம். பிழையில் பாதி என்னுடையது என்று பிறகுதான் விளங்கியது. முதல் நாளே போய் ஊசி, மயக்கம், வலிப்பு, உயிருக்கே ஆபத்து என்று ஆஸ்பத்திரியில் கேட்ட எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டியிருந்தேன். அதைக் கேட்ட பிறகு ஆர் பொறுப்பெடுப்பார்?

வழி காட்டியது கிளினிக்கில் ஒரு மிஸ். "உங்கட பிள்ளைக்குக் காலமையும் பின்னேரமும் வீட்டிலதானே ஊசி? பள்ளிக்கூடத்தில ஊசியே இல்லை. பிறகேன் அவையளோட ஊசியைப் பற்றிக் கதைக்கிறீங்கள்? சாப்பாட்டு நேரத்தைக் கேளுங்கோ."

கணக்குப் பார்த்தால் அதுதான் விஷயம். ஆறே முக்காலுக்குக் கலவை இன்சுலின் போடுகிறோம். அதில் சீக்கிரம் வேலை செய்கிற பங்கு இரண்டு மூன்று மணித்தியாலத்தில் உச்சிக்கு வரும். அதாவது ஒன்பது, பத்து மணி. காலையில் சாப்பிட்ட இடியப்பம் அதற்குள் கரைந்து, இரத்தத்தில் சீனி இறங்கத் தொடங்கும். இடைவேளையோ பத்தரைக்குப் பிறகு. காலைப் பிரார்த்தனை நீண்டாலோ, கணிதச் சோதனை இழுபட்டாலோ இன்னும் பிந்தும். பத்து மணிக்கு வகுப்பில் இருந்தபடியே இரண்டு மாரி பிஸ்கட் சாப்பிட ஒரு அனுமதி, அதுதான் எங்களுக்கு முதலில் தேவைப்பட்டது.

பழையபடி அதிபரிடம் போனேன், இந்த முறை ஒரேயொரு தாளோடு. பத்து மணிக்கு, சோதனை நடந்தாலும், பிள்ளை சாப்பிடலாம். தண்ணீர் குடிக்கவும் பாத்ரூம் போகவும் கேட்டால் மறுக்க வேண்டாம். கை நடுங்கினால், வியர்த்தால், முகம் வெளிறினால், காரணமில்லாமல் சிடுசிடுத்தால், எழுத்துக் கோணினால் சீனி குறைகிறது என்று எடுங்கள். தனியே எங்கேயும் அனுப்பாமல், இருக்கிற இடத்திலேயே மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் சீனி பார்க்கிற மெசினில் பார்த்து, 70 தாண்டவில்லை என்றால் இன்னொரு முறை. தெளிந்த பிறகு பிஸ்கட். சொக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பால் சீனி ஏறப் பிந்தும். நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள், பிறகு எனக்கு. என் நம்பரை இரண்டாவதாகப் போட்டதற்கு மனைவி இன்றைக்கும் பேசுகிறா. நான் உப்புவெளிப் பக்கம் ஹயரில் நின்றால் என்ன செய்வது?

பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வருகிற பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் ஒருநாள் ஆசிரியர்களோடு இருபது நிமிடம் கதைத்தார். நான் ஆறு கிழமை கதைத்ததை விட அது வேலை செய்தது. இது தொற்றுமா என்று ஒரு டீச்சர் கேட்டாவாம். கேட்டது நல்லது, கேட்காமல் பிள்ளையைப் பின்வாங்கிலில் இருத்தியிருந்தால்? அடுத்த திங்கள் வேப்பமரத்தடியை விட்டு ஸ்டாண்டுக்குப் போனேன்.

மூன்றாம் கிழமை வகுப்பு டீச்சர் லீவு. பதிலுக்கு வந்த டீச்சருக்கு ஒன்றும் தெரியாது. பிஸ்கட் எடுத்த பிள்ளையை, "இப்ப என்ன சாப்பாடு? உள்ள வை" என்றிருக்கிறா. மகள் பயந்து வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் மேசையில் தலையைப் போட, சோம்பல் என்று எழுப்பி நிற்க வைத்திருக்கிறா. பக்கத்தில் இருந்த சிநேகிதிதான் "டீச்சர், அவளுக்கு லோ" என்று கத்திக்கொண்டு பையைத் திறந்து குளுக்கோசை எடுத்தது. மெசினில் 52. நான் போய்ச் சேரும்போது தெளிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் கால் நடுங்கியது.

அதற்குப் பிறகு தாளை எங்கே வைப்பது என்று யோசித்தோம். எந்த டீச்சர் வந்தாலும் முதலில் திறப்பது இடாப்பு. அதன் உள்மட்டையில் ஒட்டினோம். யோசனை வகுப்பு டீச்சருடையது. கன்டீனில் ஒன்று, விளையாட்டு ஆசிரியரிடம் ஒன்று. அந்தச் சிநேகிதிக்குத் தாள் தேவைப்படவில்லை.

விளையாட்டுப் போட்டி தனிக்கதை. "இவ கூடாரத்தில இருக்கட்டும்" என்றார்கள். கிளினிக்கில் கடிதம் வாங்கிக் கொடுத்தேன்: ஓடலாம், ஓடமுதல் சோதிக்க வேண்டும், குறைவென்றால் சாப்பிட்டுவிட்டு ஓட வேண்டும், சீனி கூடுதலாக இருந்து, இன்சுலின் போதாதபோது உடம்பில் சேருகிற கீற்றோன் என்ற அமிலமும் காட்டினால் அன்றைக்கு ஓடக்கூடாது. அஞ்சல் ஓட்டத்தில் அவளின் இல்லம் மூன்றாவது. ஓடிய நாளில் சீனி பல மணித்தியாலம் கழித்தும் இறங்கும் என்று சொல்லியிருந்தபடியால், அன்றிரவு இரண்டு மணிக்கு எழுப்பிப் பார்த்தேன். 64. நித்திரைக் கலக்கத்தில் குளுக்கோசைக் குடித்துவிட்டு, "அப்பா, கோல் என்ர கையில இருந்து விழேல்லை, பாத்தீங்களோ?" என்றாள்.

பிறந்தநாள் டொபிகளுக்கு ஒரு பழைய பிஸ்கட் டின் வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமைப் பூசையின் அவலும் கடலையும் பத்து மணிக் கணக்கில் கழியும், சர்க்கரைப் பொங்கல் என்றால் எனக்குப் போன் வரும். இன்சுலினை மட்டும் ஓட்டோவில் ஒருநாளும் வைப்பதில்லை, நம்முடைய வெயிலுக்கு அது பழுதாகிவிடும்.

இப்போது தரம் 5. புலமைப்பரிசில் பரீட்சை மண்டபத்தில் வேறு பள்ளிக்கூட ஆசிரியர்கள் நிற்பார்கள், எங்கள் இடாப்பு அங்கே வராது. மேசையில் குளுக்கோசும் மெசினும் வைக்க அனுமதி கேட்டு, வைத்தியரின் கடிதத்தோடு அதிபரிடம் கொடுத்திருக்கிறேன். இந்த முறை அவரே, "ரெண்டு கொப்பி எடுத்து வையும் தம்பி" என்றார்.