தவளையிடம் ஒத்திகை பார்த்த இளவரசன்

அக்கா மகன் லீவுக்கு வந்து என்னோடு பத்து நாள் இருந்தான். ஏழு வயது. வந்த இரண்டாம் நாளே அக்காவிடமிருந்து போன். "அவனுக்கு நல்ல கார்ட்டூனா போட்டுக் காட்டுடா, அந்த டோரேமான்ல வர்ற நோபிட்டாவைப் பார்த்துப் பார்த்து இவனும் ஹோம்வொர்க்னாலே தூக்கம் வருதுங்கறான்." நல்ல கார்ட்டூன்னா எப்படி என்று கேட்டேன். "ஹீரோ ஒழுங்கா இருக்கணும், அவ்வளவுதான்."

ஒழுங்கான ஹீரோக்களோடு எனக்குப் பழைய பழக்கம் உண்டு. முதுகில் துண்டைக் கட்டிக்கொண்டு, அடிஸ்கேலை வாள் மாதிரி தூக்கிப் பிடித்து கார்ட்டூன் ஹீரோ ஹீ-மேனாகத் திரிந்தவன்தான் நானும். 1983 முதல் 1985 வரை 130 எபிசோடு வந்த தொடர் அது. கதை முடிந்ததும் ஏதாவது ஒரு பாத்திரம் நம்மைப் பார்த்து, இன்றைய கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டோம் என்று சொல்லும். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போவது அந்த நேரத்தில்தான். இப்போது யோசித்துப் பார்த்தால் ஹீ-மேனின் புஜமும் அந்தப் பச்சைப் புலியும் கண் முன்னால் நிற்கின்றன, அறிவுரைகளில் ஒன்றுகூட ஞாபகமில்லை.

அதற்காக அப்பழுக்கில்லாத ஹீரோவால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2017இல் வெளியான ஓர் ஆய்வில் நான்கு வயது, ஆறு வயதுக் குழந்தைகளை உட்கார வைத்து, அலுப்பூட்டும் ஒரு வேலையைப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். பக்கத்திலேயே ஐபேடில் விளையாட்டு, எப்போது வேண்டுமானாலும் அதற்குப் போகலாம். சில குழந்தைகளிடம் மட்டும் "நீ இப்போது பேட்மேன்" என்று சொல்லி வேஷமும் போட்டுவிட்டார்கள். அவர்கள்தான் அதிக நேரம் வேலையில் உட்கார்ந்திருந்தார்கள். பேட்மேனுக்கு உள்ளே ஆயிரம் காயம் இருக்கலாம், நாலு வயசுக்கு அதெல்லாம் தெரியாது. அசராத ஆள் ஒருவனுக்குள் கொஞ்ச நேரம் புகுந்துகொள்வது அதற்குப் போதும், அந்த வயதில் அது நிஜமாகவே உதவுகிறது.

அதனால் அக்கா சொன்னதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. ஆனால் நோபிட்டா விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம். டோரேமானில் ஒழுங்கான பையனும் ஒருவன் இருக்கிறானே, டெகிசுகி! படிப்பில் முதல், ஆட்டத்தில் முதல், மரியாதை, அழகு, எல்லாம். ஜப்பானிய மொழியில் அந்தப் பெயருக்கே ஏறக்குறைய 'அளவுக்கு மீறி நன்றாக அமைந்தது' என்றுதான் பொருள், அதாவது பெயர் வைக்கும்போதே கிண்டல் செய்துவிட்டார்கள். எந்தக் குழந்தையாவது டெகிசுகியாக வேஷம் கட்டி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. பூஜ்யம் வாங்குகிற, 0.93 நொடியில் தூங்கிப்போகிற நோபிட்டாவைத்தான் குழந்தைகளுக்குப் பிடிக்கிறது. கல்யாணத்துக்கு முந்தைய இரவு பற்றிய ஒரு கதையில், நோபிட்டாவைக் கட்டிக்கொள்ளப்போகும் ஷிசுகாவின் அப்பா அவளிடம், அடுத்தவர் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கத் தெரிந்தவன் அவன், அடுத்தவர் கஷ்டத்துக்கு வருந்தத் தெரிந்தவன், அதனால் நீ தேர்ந்தெடுத்தது சரிதான் என்கிற மாதிரி சொல்வார். கேட்டால் நெஞ்சு கனக்கும். சிக்கல் என்னவென்றால் அந்தக் குணம் ஆயிரம் எபிசோடில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தலைகாட்டுகிறது. சோம்பலோ தினசரி வருகிறது. பட்டதெல்லாம் அன்றோடு அழிந்து, மறுநாள் நோபிட்டா பழையபடி படுத்துக் கிடப்பான்.

இது சின்ன விஷயம் இல்லை. கிளிஃபர்டு என்ற பெரிய சிவப்பு நாய் வரும் தொடரில், மூன்று கால் நாய் ஒன்றைக் கண்டு மற்ற நாய்கள் முதலில் மிரண்டு ஒதுங்கும், கடைசியில் நட்பாகிவிடும். அதை மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டி, கதையிலிருந்து என்ன புரிந்தது என்று கேட்டிருக்கிறார்கள். 2008இல் வந்த ஆய்வு. வித்தியாசமாக இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது பலருக்கும் எட்டவே இல்லை, மூன்று கால் நாய்களிடம் அன்பாக இருக்க வேண்டும் என்கிற அளவில் நின்றுவிட்டார்கள்! குழந்தைகள் மேல் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது, கதை முழுக்க ஒதுக்கலும் பயமும்தானே ஓடியது, திருந்தியது கடைசியில் கொஞ்சம்.

அப்போதிலிருந்து ஹீரோவிடம் குறை உண்டா இல்லையா என்று நான் பார்ப்பதை விட்டுவிட்டேன். தப்புக்கு எத்தனை நிமிடம், அதைச் சரிசெய்ய எத்தனை நிமிடம், அந்தக் கணக்கைத்தான் பார்க்கிறேன்.

அந்தக் கணக்கில் 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' தொடரின் ஜூகோவுக்குப் பக்கத்தில் வர ஆள் இல்லை. அதைத்தான் அவனுக்குப் போட்டேன். (மொத்தம் 61 எபிசோடு, ஒன்று 23 நிமிடம், பத்து நாள். வகுத்துப் பார்த்து அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள்.) பெற்ற அப்பனே முகத்தைச் சுட்டு, 13 வயதில் நாடு கடத்திய இளவரசன் இந்த ஜூகோ. இரண்டாம் சீசன் முடிவில் திருந்த வாசல் திறந்தே இருக்கிறது, தழும்பை ஆற்றிவிடட்டுமா என்று எதிரணிப் பெண் கட்டாராவே கேட்கிறாள், இவன் அப்படியும் தங்கை அசூலா பக்கம் சாய்ந்து பெரியப்பா ஐரோவைக் காட்டிக்கொடுக்கிறான். திருந்தி கட்டாராவின் கூட்டத்திடம் வந்து சேர்வது 52வது எபிசோடில்.

அந்த எபிசோடை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேனோ தெரியாது. என்ன பேசுவது என்று தெரியாமல் காட்டில் தவளை மாதிரி ஒரு பிராணியை முன்னால் வைத்து ஒத்திகை பார்ப்பான். ஹலோ, நான்தான் ஜூகோ என்று ஆரம்பித்து, பெரியப்பா இருந்தால் எப்படிப் பேசுவார், அசூலா எப்படிப் பேசுவாள் என்று குரல் மாற்றிச் சொல்லிப் பார்ப்பான், தவளை கண்டுகொள்ளாது. நேரில் போனதும் எல்லாம் சொதப்பல். உங்களைக் கொல்ல ஆள் அனுப்பியது நான்தான் என்று அவனே உளறி வைக்கிறான். கட்டாரா தண்ணீரை அடித்துத் துரத்துகிறாள். ராத்திரி அந்தக் கூட்டத்துப் பெண் டாஃப் மட்டும் சமாதானமாகத் தேடி வந்தால், பதறிப்போய் நெருப்பை வீசி அவள் காலைச் சுட்டுவிடுகிறான். நல்லவனாக இருக்க எனக்கு ஏன் வரவே மாட்டேன் என்கிறது என்று அவன் புலம்பும்போது எனக்குச் சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும். மன்னிப்பு கேட்டால் உடனே கிடைத்துவிடாது என்று இவ்வளவு பொறுமையாகக் காட்டிய வேறு குழந்தைத் தொடர் எனக்குத் தெரியவில்லை. கட்டாரா 56வது எபிசோடில்தான் மன்னிக்கிறாள்.

இதையே 'குறையுள்ள ஹீரோ' என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லி 'ரிக் அண்ட் மார்ட்டி' தொடரின் ரிக் போன்ற ஆட்களையும் ஒரே மூட்டையில் கட்டும்போதுதான் எரிச்சல் வருகிறது. பெரியவர்களுக்கான தொடர்களில் திமிரும் குடியும் கெட்டிக்காரத்தனத்துக்கு அடையாளம் மாதிரி ஆகிவிட்டது. விதிவிலக்கு 'போஜாக் ஹார்ஸ்மேன்' தொடர். முதல் சீசனில், சாகக் கிடக்கும் பழைய நண்பனிடம் போஜாக் மன்னிப்பு கேட்கப் போவான், முடியாது, நீ செய்ததைச் சுமந்துகொண்டே இரு என்று அவர் மறுத்துவிடுவார். குழந்தைகளுக்கு வேண்டாம், எனக்கு வேண்டியிருந்தது.

சரி, பத்தாம் நாள். கடைசிக்குப் பக்கத்தில் கூடாரக் காட்சி. தூங்கும் பெரியப்பா ஐரோவின் முன்னால் ஜூகோ விடியும் வரை உட்கார்ந்திருப்பான். அவர் எழுந்ததும் அழுதுகொண்டே ஆரம்பிப்பான், முடிக்கவிடாமல் அவர் பிடித்து இழுத்துக் கட்டிக்கொள்வார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, அவர் ஏன் திட்டவே இல்ல?"

அவருக்குக் கோபம் இல்லடா, வருத்தம்தான், பையன் வழி தவறிப் போய்விட்டானே என்று, என்றேன். கொஞ்ச நேரம் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கம்மா திட்டுவாங்க" என்றான். அப்புறம், "டிராகன் வருமே, அந்த எபிசோட திரும்பப் போடுங்க மாமா."

போட்டேன்.