பலகைக்கு முன்னால் பாதம்

நவம்பர் கடைசியில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணச் சரிவுகளில் பனி தூவும் இயந்திரங்கள் ஓடத் தொடங்கியதும், ஸ்னோபோர்டு (இரு காலையும் பிணைத்து நின்று பனியில் சறுக்கும் பலகை) கடைகளில் பலகையையும் பூட்ஸையும் ஆளுக்கேற்பப் பொருத்தும் மேசைக்கு வேலை கூடிவிடும். உள்ளே வருகிறவர்கள் நேரே சுவரில் சாய்த்திருக்கும் பலகைகளிடம்தான் போவார்கள். அடிப்பக்கத்து ஓவியம் பிடித்துவிட்டால் பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும். மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பவர்கள் முதலில் கேட்பது ஓவியத்தைப் பற்றியோ விலையைப் பற்றியோ அல்ல. "பூட்ஸ் வைத்திருக்கிறீர்களா?" என்பதுதான் கேள்வி. இல்லை என்றால் பலகைப் பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்காரச் சொல்வது நல்லது.

"எப்படி ஓட்டுவீர்கள்?" என்று கேட்டால் வரும் பதிலை அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது. ஒருவர் "ஃப்ரீரைடு" (சீவாத மலைச்சரிவில் ஓட்டுவது) என்பார், இன்னொருவர் "பார்க்" (குதிமேடும் தண்டவாளமும் வைத்த திடல்) என்பார். பல நேரம் அது வீடியோவில் பார்த்த ஆசை; கால் செய்கிற வேலை வேறாக இருக்கும். கேள்வியை மாற்றிப் போட்டால் உண்மை வந்துவிடும். போன குளிர்காலத்தில் எத்தனை நாள் போனீர்கள்? எந்த மலை? லிஃப்டை விட்டு இறங்கியதும் எந்தப் பக்கம் திரும்பினீர்கள்? காலிங்வுட் அருகிலுள்ள புளூ மவுண்டனின் செங்குத்து இறக்கம் சுமார் 220 மீட்டர்தான். பிரிட்டிஷ் கொலம்பியாவின் விஸ்லர் பிளாக்கோம்பில் அது 1,600 மீட்டர் அளவுக்குப் போகும். ஆழமான புதுப்பனியில் மிதப்பதற்கென்று செய்த நீண்ட, விறைப்பான பலகையை வாங்கிக்கொண்டுபோய், இரவில் உறைந்து காலையில் இயந்திரம் சீவிவிட்ட ஒன்டாரியோ சரிவில் வருடத்துக்கு 8 நாள் ஓட்டுகிறவருக்கு அந்தப் பலகை சுமையாகத்தான் இருக்கும்.

நமக்குச் சொல்லிலேயே ஒரு சிக்கல் உண்டு. மார்கழிக் காலையில் புல்நுனியில் நிற்பதும் பனி, ஒரே இரவில் இடுப்பளவு கொட்டிக் கிடப்பதும் பனி. பலகையைத் தேர்வு செய்யும்போது இந்த ஒற்றைச் சொல் போதாது. மாவுபோன்ற புதுப்பனி, இயந்திரம் சீவிய கெட்டிப்பனி, வெயிலில் இளகிய கஞ்சிப்பனி, நீலம் தட்டிய பனிக்கட்டி என்று பிரித்துக் கேட்டால்தான் பலகையின் வளைவைப் பற்றிப் பேசவே முடியும்.

முதலில் பாதம். வெறுங்காலுடன் குதிகாலைச் சுவரில் ஒட்டி நின்று, பெருவிரல் நுனிவரை செ.மீ. கணக்கில் அளக்க வேண்டும். 28 செ.மீ. என்றால் அமெரிக்க ஆண்கள் அளவில் 10. தெருவில் போடும் ஷூவின் எண்ணைச் சொல்லி பூட்ஸ் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரு எண் பெரிதாக வாங்கிவிடுவார்கள். ஒற்றை மெல்லிய காலுறையுடன் பூட்ஸைக் கட்டி நிமிர்ந்து நின்றால் விரல்நுனி முன்பக்கத்தை இலேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் விரல் பின்வாங்க வேண்டும், குதிகால் எழும்பக் கூடாது. புதிதில் இறுக்கமாகத் தெரிவதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. உள்பஞ்சு சில நாளில் அமுங்கி இடம் கொடுக்கும். கடையிலேயே மெத்துமெத்தென்று இருக்கும் பூட்ஸ் பத்தாம் நாள் தளர்ந்துபோகும். குதிகால் உள்ளே ஏறி இறங்கினால் விரல்பக்கத் திருப்பம் ஒரு கணம் தாமதமாகத்தான் பலகைக்குப் போய்ச் சேரும். அதைச் சரிக்கட்ட, பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கின் பட்டையை இன்னும் இறுக்குவார்கள், பாதம் மரத்துப்போகும், பழி பைண்டிங் மேல் விழும். "பைண்டிங் வலிக்கிறது" என்று திரும்பி வருகிறவரின் பூட்ஸை முதலில் பார்ப்பது இந்த மேசையின் பழக்கம்.

பூட்ஸ் முடிவானால் பலகையின் அகலம் தானாக வரும். ஒரு கணக்குப் பார்ப்போம். 28 செ.மீ. பாதத்துக்கான பூட்ஸின் வெளிநீளம் சுமார் 30.5 செ.மீ. இருக்கும். கால் 15 பாகை திரும்பி நிற்கும்போது பலகையின் குறுக்கே அது எடுத்துக்கொள்ளும் இடம் 29.5 செ.மீ. பலகையின் இடுப்பு (நடுவில் மிகக் குறுகிய இடம்) அகலம் 25.3 என்று எழுதியிருந்தாலும், கால் நிற்கிற திருகுத்துளைகளின் பக்கம் அது ஏறக்குறைய 1 செ.மீ. கூடுதலாக, 26.3 ஆக இருக்கும். மிச்சம் 3.2 செ.மீ.; விரல்பக்கம் பாதி, குதிகால்பக்கம் பாதி, அதாவது 1.6. இது சரியான அளவு. கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்தான் விளிம்பின் மேல் நெம்புகோல்போல அழுத்த முடியும். இதே பலகையில் 12-ஆம் எண் பூட்ஸ் ஏறினால் இருபக்கமும் 2.5 செ.மீ. வெளியே தொங்கும். பலகையை ஆழமாகச் சாய்த்ததும் பூட்ஸ் பனியில் உரசும், விளிம்பு தூக்கிக்கொள்ளும், ஆள் விழுவார். ஆகவே 11-ஆம் எண்ணுக்கு மேல் பெரும்பாலும் 26 செ.மீ. இடுப்புள்ள 'வைடு' பலகைதான். சிறு பாதத்துக்கு அகலப் பலகையும் தொல்லையே. ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் புரட்டவே நேரம் பிடிக்கும், கணுக்கால் வலி எடுக்கும். பெண்கள் பலகைகளின் இடுப்பு பெரும்பாலும் 23.5 முதல் 24.5 செ.மீ.க்குள் நிற்பதன் காரணம் இதுதான்.

நீளத்துக்கு "தாடைக்கும் மூக்குக்கும் நடுவில்" என்ற பழைய கணக்கு இன்னும் வாய்வழியாக ஓடிக்கொண்டிருக்கிறது. பலகைக்கு உங்கள் உயரம் தெரியாது, எடை மட்டும்தான் தெரியும். ஒரே உயரத்தில் 60 கிலோ ஆளும் 90 கிலோ ஆளும் ஒரே பலகையில் நின்றால், ஒருவரால் அதை வளைக்கவே முடியாது, மற்றவர் அதை வில்லாக வளைத்துவிடுவார். 75 கிலோ ஆணுக்கு எல்லா இடத்துக்குமான பலகை 156 முதல் 158 செ.மீ.; பார்க்கில் சுழலவும் தண்டவாளத்தில் வழுக்கவும் 152 முதல் 154; புதுப்பனிக்கு 159-க்கு மேல். 55 கிலோ பெண்ணுக்கு 144 முதல் 148. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் எடை அட்டவணையை வெளியிடுகிறார். கடைசி முடிவு அதைப் பார்த்துத்தான். குட்டையாகவும் அகலமாகவும் செய்த பலகைகளை வழக்கத்தைவிட 5 செ.மீ.க்கும் மேல் குறைத்தே வாங்கலாம். எடையைச் சொல்லக் கூச்சப்பட்டு 10 கிலோ குறைத்துச் சொல்கிறவர்கள் உண்டு. அதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் பலகையை எடுத்து நீட்ட வேண்டியிருக்கிறது.

வளைவைக் காட்ட நல்ல வழி ஒரு துண்டுக் காகிதம். பலகையைச் சமதளத் தரையில் வைத்து, அடியில் காகிதத்தைச் செருகி நகர்த்திப் பார்த்தால் எங்கே தரை தொடுகிறது என்று தெரியும். நடுவில் சுலபமாகப் போய் முனைகளுக்குச் சற்று முன் சிக்கினால் அது கேம்பர். மேலே ஏறி நின்றால் நடு அமுங்கும், விளிம்பு முழுநீளத்துக்கும் பனியைக் கடிக்கும். கெட்டிப்பனியில் இதற்கு இணையில்லை. ஆனால் கவனக்குறைவாக ஓட்டினால் கீழ்ச்சரிவுப் பக்க விளிம்பு சட்டென்று பிடித்து ஆளைக் குப்புறத் தள்ளுவதும் இதில்தான் அதிகம். நடுவில் காகிதம் சிக்கி இருமுனைகளிலும் தாராளமாக ஓடினால் ராக்கர். புதுப்பனியில் முனை மூழ்காது, திருப்புவது எளிது. பனிக்கட்டியில் பின்பக்கம் நழுவிக்கொண்டே போகும். இரண்டையும் கலந்தவைதான் இன்று கடைச்சுவரில் அதிகம். கால்களுக்கு அடியில் கேம்பரும் முனைகளில் ராக்கருமாக இருப்பது ஒன்டாரியோ, கியூபெக் சரிவுகளில் இரண்டாம் வருடத்துக்காரருக்கு ஏறக்குறைய எப்போதும் பொருந்தும். நேர்மாறாக, இரு கால்களுக்கும் நடுவே ராக்கர் வைத்துச் செய்யும் லிப் டெக் போன்ற நிறுவனங்கள், பிடிமானக் குறையை ஈடுகட்ட விளிம்பை ரொட்டிக்கத்திபோல அலையலையாக வெட்டுகிறார்கள்.

இருமுனையும் ஒரே வடிவமான ட்வின் பலகை, முன்னும் பின்னும் மாறி மாறி ஓட்டுகிறவருக்கு. முன்முனை நீண்டு, நிற்குமிடம் பின்தள்ளியிருக்கும் டைரக்‌ஷனல் பலகை ஒரே திசையில் வேகமாகப் போகிறவருக்கு. இதில் பெரிய குழப்பம் இல்லை.

குழப்பம் விறைப்பில்தான். 1 முதல் 10 வரை எண் போட்டிருப்பார்கள். ஒரு நிறுவனத்தின் 5 இன்னொன்றின் 7 ஆக இருக்கும். இதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. கடையில் பலகையை முழங்காலில் வைத்து வளைத்துப் பார்ப்பது பெரும்பாலும் நாடகம். நீளவாக்கில் வளைவதை அது காட்டும். துணி பிழிவதுபோல முறுக்குவாக்கில் வளைவதைக் காட்டாது. புதியவருக்கு வேண்டியதோ அந்த இரண்டாவதுதான். முன்காலை மட்டும் சாய்த்ததும் பலகையின் முன்பாதி முறுகித் திருப்பத்தைத் தொடங்கிவைக்க வேண்டும். பலகை, பைண்டிங், பூட்ஸ் மூன்றின் விறைப்பும் ஒன்றையொன்று ஒட்டி இருக்க வேண்டும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் மிகையில்லை. மென்மையான பலகையில் விறைத்த பைண்டிங் மாட்டினால் காலின் ஒவ்வொரு நடுக்கமும் பலகையில் தெரியும். விறைத்த பலகையில் தளர்ந்த பைண்டிங் மாட்டினால், கால் சொன்னது பலகைக்குப் பாதிதான் போய்ச் சேரும்.

பைண்டிங்கின் அளவு பூட்ஸின் அளவைப் பொறுத்தது. எஸ், எம், எல் என்ற எழுத்துகளை மட்டும் நம்பாமல், கையிலிருக்கும் பூட்ஸையே அதில் வைத்துப் பார்க்க வேண்டும். குதிகால் வளையத்துக்குள் பூட்ஸ் இடைவெளியின்றி உட்கார வேண்டும். பக்கவாட்டில் ஆடக் கூடாது. கணுக்கால் பட்டை பூட்ஸின் நடுவில் விழ வேண்டும். விரல் பட்டை நுனியைத் தொப்பிபோல் கவ்வி, பூட்ஸைப் பின்னோக்கி குதிகால் வளையத்துக்குள் இழுக்க வேண்டும். விரல் பட்டையைச் செருப்புப் பட்டைபோல மேலே போட்டுக்கொண்டு போகிறவர்களை லிஃப்ட் வரிசையில் நிறையப் பார்க்கலாம். முன்பக்கத்து மிதிதகட்டை நீட்டி அடிப்பாகத்தை முழுக்கத் தாங்க விடுவது ஒரு நிமிட வேலை. பலருடைய பைண்டிங்கில் அது தொழிற்சாலையில் வைத்த இடத்திலேயே இருக்கும்.

பட்டை வேண்டாம், மிதித்தால் பூட்ஸ் தானே பிடித்துக்கொள்ள வேண்டும் என்கிறவர்களுக்கு பர்ட்டன் நிறுவனம் 2017-ல் கொண்டுவந்த ஸ்டெப் ஆன் இருக்கிறது. வசதியானதுதான், குறிப்பாகக் குனிந்து பட்டை கட்டச் சிரமப்படுகிறவர்களுக்கு. ஒன்றை மட்டும் விற்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்: அதற்கென்று செய்த பூட்ஸ் இல்லாமல் அது வேலை செய்யாது. வேறு எந்த பூட்ஸும் அதில் மாட்டாது. வடிவம் காலுக்கு ஒத்துவராவிட்டால் மொத்த ஏற்பாடும் வீண்.

இனிப் பொருத்துவது. பெரும்பாலான பலகைகளில் 4 செ.மீ.க்கு 2 செ.மீ. என்ற வரிசையில் துளைகள் இருக்கும். பர்ட்டன் பலகைகளில் நீண்ட பள்ளமாக 'சேனல்' இருக்கும். பழைய பர்ட்டன் பலகைகளில் முக்கோணமாக 3 துளைகள். பழைய பலகையை மலிவாக வாங்கிவிட்டு, பைண்டிங்கைத் திருகுகளால் பலகையோடு பிடிக்கிற, அதற்கேற்ற வட்டத்தகடு கிடைக்காமல் அலைகிறவர்கள் உண்டு. ஆகவே வாங்குமுன் துளையைப் படம் பிடித்துக் காட்டிவிடுவது நல்லது. திருகு எம்6, பொதுவாக 16 மி.மீ. நீளம். தலையிலுள்ள சிலுவை 3-ஆம் எண் ஸ்க்ரூட்ரைவர் முனைக்கானது. வீட்டிலிருக்கும் 2-ஆம் எண் ஸ்க்ரூட்ரைவரைப் போட்டுத் திருகினால் தலை வழுவழுப்பாகிவிடும், பிறகு கழற்றுவதற்குள் உயிர் போய்விடும்.

நான்கு திருகையும் முதலில் கையால் சில சுற்று ஏற்றி, பிறகு எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் வட்டத்தகடு கோணலாக உட்காரும். திருகு குறைந்தது 6 முழுச்சுற்றாவது உள்ளே போக வேண்டும். அதற்கு முன்பே இறுகிவிட்டால் திருகு குட்டை. பலத்த உதையில் துளையின் மரையோடு பிய்ந்து வரும். திருகு நின்றுவிட்டது, வட்டத்தகடு இன்னும் ஆடுகிறது என்றால் திருகு நீளம். அதை மேலும் வலிந்து திருகினால் அடிப்பக்கத்தில் கொப்புளம்போல ஒரு மேடு எழும்பும். விரலால் தடவினால் தெரியும். எழும்பிய பிறகு முழுதாகச் சரிசெய்ய வழியில்லை. மின்சார டிரில் வேண்டவே வேண்டாம். திருகு தளர்கிறது என்று இரும்புக்குப் போடும் திருகுப்பசையை ஊற்றுவதும் தவறு. பாலிகார்பனேட் வட்டத்தகட்டில் பட்டால் அது நாளடைவில் விரிசல் விடும். திருகில் ஏற்கெனவே தடவி வரும் நீலப் பூச்சு போதும்.

திருகை முழுவதும் இறுக்குமுன் பூட்ஸை வைத்துப் பட்டை கட்டி, விரல்பக்கமும் குதிகால்பக்கமும் ஒரே அளவு வெளியே நீட்டுகிறதா என்று அளவுகோலால் பார்க்க வேண்டும். பைண்டிங்கையே மையத்தில் வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் வீட்டில் பொருத்துகிறவர்களின் வழக்கமான பிழை. மையத்தில் இருக்க வேண்டியது பூட்ஸ்.

எந்தக் கால் முன்னே? இடக்கால் முன்னால் நின்றால் ரெகுலர், வலக்கால் என்றால் கூஃபி. பின்னாலிருந்து தள்ளிவிட்டு எந்தக் கால் முந்துகிறது என்று பார்ப்பது நம்பகமில்லாத வேடிக்கை. காலுறையுடன் வழுவழுப்பான தரையில் ஓடிவந்து சறுக்கச் சொன்னால் பெரும்பாலும் விடை கிடைக்கும். இரு கால்களுக்கு இடைத்தூரம் தோள் அகலத்தைவிடச் சற்றுக் கூட. தொடக்கத்துக்கு முன்கால் +15, பின்கால் -6 பாகை வைத்தால் (கூட்டல் என்றால் முன்முனைப் பக்கம், கழித்தல் என்றால் பின்முனைப் பக்கம் திரும்பியிருப்பது) பெரும்பாலோருக்கு முழங்கால் நோகாது. இருதிசையிலும் ஓட்டுகிறவர் +15, -15 என்று வாத்துக்கால் வைப்பார். ஆழமாகச் சாய்ந்து கோடு கிழிக்க விரும்புகிறவர் இரு காலையும் முன்நோக்கி, +27, +9 போலத் திருப்பிக்கொள்வார். அப்போது பூட்ஸ் குறுக்கே எடுக்கும் இடம் குறைந்து உரசலும் குறையும் என்பது கூடுதல் ஆதாயம்.

முதல் வருடத்துக்காரர் முழுத்தொகுப்பும் கேட்டால், பூட்ஸை மட்டும் விற்று பலகையை வாடகைக்கு அனுப்புவதே நேர்மை. 4, 5 நாள் வாடகைப் பலகையில் ஓட்டிவிட்டு வந்தால் அவர் கேட்கும் கேள்விகளே மாறியிருக்கும். கடைக்காரருக்கு அன்றைய வசூல் குறையும். ஜனவரியில் பலகையைத் திருப்பித் தர வருகிறவர்களின் வரிசையும் குறையும்.

பொருத்திக் கொடுத்த பலகையோடு இரண்டு சொல்லையும் சேர்த்து அனுப்ப வேண்டும். முதல் நாள் இரண்டு மூன்று முறை இறங்கியதும் எட்டுத் திருகையும் மீண்டும் ஒருமுறை இறுக்குங்கள். சட்டைப்பையில் 3-ஆம் எண் முனையுள்ள குட்டி ஸ்க்ரூட்ரைவர் ஒன்று இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் ஈரப் பலகையைப் பைக்குள் போட்டு மூடாதீர்கள். மறுவாரம் திறக்கும்போது விளிம்பு முழுக்கச் செம்மஞ்சளாகத் துரு ஏறியிருக்கும்.