பாவு கணக்கு சாப்ட்வேருக்கு வெப்சைட் போட்ட கதை

எங்க பெரியப்பா சோமனூர் பக்கத்துல கூலிக்கு தறி ஓட்றாருங்க. பாவு (தறில நெட்டுக்கு ஓடற நூல்) என்னிக்கு வந்துச்சு, எத்தன மீட்டர், ஊடை நூல் (குறுக்க ஓடறது) எத்தன கிலோ, துணி எவ்ளோ திருப்பிக் குடுத்தோம், கூலி எவ்ளோ நிக்குது, எல்லாமே ஒரு நோட்டுல தான் இருக்கும். அந்த நோட்ட பாத்து பாத்து எழுதுனது தான் எம்பட சாப்ட்வேர். ஓப்பன் சோர்ஸ் தான், ஜிபிஎல் 3ங்கற லைசென்ஸ், யார் வேணா எடுத்துக்கலாம். கோட் ஓரளவுக்கு ஓடிருச்சு, ஆனா அதுக்கு ஒரு வெப்சைட் போடறதுக்குள்ள ஒன்றரை மாசம் போயிருச்சு, அதுல முக்காவாசி நாள் எதுல போடறதுன்னு முழிச்சிட்டு இருந்தது தான்.

கேட்டவங்க எல்லாம் மொதல்ல சொன்னது வேர்ட்பிரஸ்ங்கற வெப்சைட் போடற சாப்ட்வேர். 2003ல இருந்து இருக்கு, அதுவும் ஜிபிஎல் தான், பிரவுசர்லயே உக்காந்து டைப் பண்ணிப்போட்டு போயிரலாம். ஆனா நான் ஒருக்கா சூடு பட்டவன். எங்கூர் நோம்பிக்கு அதுல ஒரு சைட் போட்டுக் குடுத்தேன், நோம்பி முடிஞ்சதும் மறந்துட்டேன், கூடுதல் வசதிக்கு மாட்டுன ப்ளகின் ஒண்ணக்கூட அப்டேட் பண்ணல, அடுத்த வருசம் தொறந்தா அம்மன் படத்துக்குக் கீழ சூதாட்ட விளம்பரம் ஓடுது. தப்பு வேர்ட்பிரஸ் மேல இல்லீங்க, எம்மேல தான். பிஹெச்பி, டேட்டாபேஸ்னு சர்வர்ல எந்நேரமும் ஓடிட்டே இருக்கறதுக்கு பாத்துக்க ஒரு ஆள் வேணும், எங்க சைட்ல மொத்தமே முப்பது பக்கம், அதுக்கு எதுக்கு காவலுக்கு ஆளு?

அதனால நாம எழுதறத ஒருக்கா வெறும் எச்டிஎம்எல் பக்கமா கக்கிட்டு நின்னுக்கற டூல் ஒண்ணு போதும்னு முடிவு. அந்த ரகத்துல டோக்குசாரஸ் பாக்க ஜோரா இருந்துச்சு, ஃபேஸ்புக்காரங்க 2017ல வெளிய விட்டது, ஒவ்வொரு வெர்சனுக்கும் தனித்தனியா உதவிப் பக்கம் வச்சுக்கலாம். ஆனா நமக்கு இருக்கறதே ஒரு வெர்சன், அதுக்குப் போய் ரியாக்ட், நோட்.ஜேஎஸ்னு கூட ஓடற சாப்ட்வேரெல்லாம் நூத்துக்கணக்கான எம்பி எறக்கணும். எம்பட 4 ஜிபி லேப்டாப் ஃபேன் நம்ம தறி குடோன் மாதிரி கத்த ஆரம்பிச்சிருச்சு. ஜெக்கில் 2008லயே வந்தது, கிட்ஹப் பேஜஸ் (கிட்ஹப்ல வச்ச ஃபைல வெப்சைட்டா காட்டற சேவை) அதுவே பில்டு பண்ணி, அதாவது பக்கமெல்லாம் உருவாக்கிக் குடுத்துரும், ஆனா நம்ம மெசின்ல ஒருக்கா ஓட்டிப் பாக்கலாம்னா அதுக்கு வேண்டிய ரூபிங்கற மொழியப் போடறதுலயே ரெண்டு ராத்திரி போச்சு. ஹ்யூகோ ஒரே ஃபைல், எறக்குனா ஓடுது, முப்பது பக்கமும் கண் சிமிட்டறதுக்குள்ள முடிஞ்சிருது. ஒண்ணே ஒண்ணு, ஹ்யூகோ வெர்சன் மாறுனா பழைய தீம் (சைட்டோட தோற்றம்) மக்கர் பண்ணும், அதனால வெர்சன் நம்பர பில்டு ஃபைல்லயே எழுதி பூட்டி வச்சிட்டேன்.

ஹோஸ்டிங் கிட்ஹப் பேஜஸ். சைட் 1 ஜிபிக்குள்ள இருக்கணும், மாசத்துக்கு 100 ஜிபி வரைக்கும் போகலாம்னு வச்சிருக்காங்க, நமக்கு தாராளம்.

நான் எதிர்பாக்காத எடத்துல தான் தமிழ் மாட்டுச்சு. பக்கத்தோட லிங்க்க தமிழ்லயே விட்டேனுங்க, 'பாவு-நீளம்'னு. பிரவுசர்ல பாத்தா அழகா தான் இருக்கு, காப்பி பண்ணி வாட்ஸப்ல போட்டா அந்த ஒரு சொல்லு மட்டும் 82 எழுத்துக்கு சதவீதக் குறியும் நம்பருமா நீளுது. பெரியப்பா அத வைரஸ்னு நெனச்சு அழிச்சுப்போட்டாரு! அப்பறம் லிங்க் மட்டும் இங்கிலீஷ் எழுத்துக்கு மாத்தியாச்சு. தேடற வசதிக்கு லன்னர்னு ஒண்ணு சேத்துப் பாத்தேன், அது சும்மா போட்டபடி விட்டா தமிழ் எழுத்த எழுத்தாவே மதிக்கறதில்ல, இங்கிலீஷ் வார்த்தைய மட்டும் வச்சிட்டு மிச்சத்தத் தூக்கி வீசிருது. முப்பது பக்கத்துக்கு தேடல் எதுக்குன்னு அதக் கழட்டி எறிஞ்சிட்டு ஒரு பொருளடக்கம் எழுதி வச்சேன்.

இவ்வளவும் தாண்டி ஹ்யூகோவே போதும்னு நின்னதுக்குக் காரணம் எங்க தங்கச்சி. தறி விசயம் பெரியப்பாவுக்குத் தான் தெரியும், அவரு வாய்ல சொல்லுவாரு, அவ போன்ல டைப் பண்ணுவா. நான் 'பாவு எத்தன மீட்டரோ துணியும் அத்தன மீட்டர்'ங்கற மாதிரி எழுதி வச்சிருந்தேன், பெரியப்பா சிரிச்சிட்டாரு. "ஏஞ்சாமி, நெய்யறப்ப பாவு சுருங்கும்ல, அந்தக் கணக்க விட்டா ஏவாரிகிட்ட நாந்தான் கை கட்டி நிக்கோணும்"னாரு. ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில 'திருத்து'ன்னு ஒரு பட்டன் வச்சேன், அமுக்குனா நேரா கிட்ஹப்ல அந்த ஃபைல் தொறக்கும், தங்கச்சி அதுலயே மாத்திப்போட்டா.

மாத்துன ரெண்டாவது நிமிசம் பில்டு செவப்பு, அதாவது ஃபெயில். "அண்ணா நான் ஒண்ணும் பண்ணலீங்ணா, தலைப்பு தான் மாத்துனேன்"ங்கறா. போய்ப் பாத்தா தலைப்புல 'பாவு: சுருக்கம் போடறது எப்படி'ன்னு இருக்கு, நடுவுல அந்த ரெண்டு புள்ளி வந்ததும் யாமல் (தலைப்ப எழுதி வைக்கற ஃபார்மேட்) கொழம்பிருச்சு. மேற்கோள் குறி போட்டதும் சரியாயிருச்சு. பில்டு நின்னாலும் பழைய சைட் அப்பிடியே ஓடிட்டு இருந்துச்சுங்க, அது ஒரு நிம்மதி. இப்ப புதுப் பக்கத்துக்கு மாதிரி ஃபைல்லயே தலைப்புக்கு ரெண்டு பக்கமும் குறி போட்டு வச்சிட்டேன்.

நேத்து பொழுதோட பேக்கரில டீ குடிச்சிட்டே பெரியப்பா சைட்ட மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தாரு. எதுல பண்ணுனே, எவ்ளோ செலவுன்னு ஒண்ணும் கேக்கல. "ஊடை நூல் கழிவுக்கு பக்கம் எங்க?"ன்னாரு. இன்னும் எழுதலீங்க.